‘மேலே தண்ணி இல்லை’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவள்

‘மேலே தண்ணி இல்லை’ பாட்டு, இரண்டாவது சரணம் முடிந்ததும் ஏன் ஓட ஆரம்பிக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்காக அந்தப் பாட்டைப் பழகியபோது எங்களில் யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. நடந்துபோகிற ஆள் தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்ததும் எட்டி நடை போட்டு, பிறகு தன்னை அறியாமல் ஓடுவானே, அப்படித்தான் அந்தப் பாட்டு வேகம் எடுக்கும். எந்த இடத்தில் எடுக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ‘நாலாவது மாடி’ இசைக்குழு வெளியிட்ட முதல் பாட்டு அது. இன்றைக்கு அந்தக் குழு சென்னையில் பாடினாலும் சிங்கப்பூரில் பாடினாலும் மைதானம் நிரம்புகிறது. தில்லியில் கிட்டார் தூக்குகிற தமிழ்ப் பிள்ளைகள் முதலில் பழகுவது அந்தப் பாட்டைத்தான். தமிழை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவன் அதை முழுசாகப் பாடுவான். அது ஏன் ஓடுகிறது என்பதற்கு இணையத்தில் ஆளாளுக்கு ஒரு விளக்கம் உண்டு. நகரத்தின் பதற்றத்தை அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒருவர் அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.

சரியான பதில் தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில், எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருந்தது. பெயர் அம்சவேணி.

முப்பத்து நாலு வயது. ஒரு அரசு அலுவலகத்தில் அசிஸ்டெண்ட். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பா அழகர்சாமியோடு இருக்கிறாள். நேரில் நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கதையில் ‘அவள்’ என்று எழுதிக்கொள்ள அவரிடமே அனுமதி வாங்கியாயிற்று. சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர். ஊரில் இருந்த நாளைவிட ராணுவக் குடியிருப்புகளில் இருந்த நாள்தான் அதிகம் என்றாலும் வீட்டுக்குள் பேச்சு மட்டும் இன்றைக்கும் மதுரைப் பேச்சு.

பள்ளியில் அவள் என்.சி.சி. பெண்கள் பாண்டில் சைடு டிரம் வாசித்தாள். ஜனவரிக் குளிரில் விரல் விறைக்க விறைக்கப் பழகிய கை அது. அணிவகுப்பில் டிரம் தவறினால் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் கால் தவறும். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. காதில் எந்தத் தாளம் பலமாக விழுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள்.

கல்லூரி முடித்து அரசுத் தேர்வுக்குப் படிக்கும்போது, வாடகை அறைகள் நெருக்கிக் கட்டிய தில்லி முனிர்காவில் கோச்சிங் வகுப்புக்குப் போனாள். அங்கே பழக்கமானவன் ஜோதிலிங்கம். கோவில்பட்டிக்காரன், ஐ.ஏ.எஸ். எழுத வந்தவன், கையில் பேஸ் கிட்டாரும் வைத்திருந்தான். அவனுடைய அறைத்தோழன் ப்ரசன்னா, கும்பகோணத்துப் பையன், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். பாட்டு எழுதுவான், கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். மூன்று பேரும் ஒரு குழுவானார்கள். அறை இருந்தது நாலாவது மாடியில் என்பதால் குழுவின் பெயருக்கு யாரும் மெனக்கெடவில்லை. கோடையில் அந்த மாடிக்குத் தண்ணீர் ஏறாது. முதல் பாட்டு எதைப் பற்றி என்பதற்கும் மெனக்கெடவில்லை.

யாரோ கழித்துப்போட்ட டிரம் செட்டை அவர்கள் ஒவ்வொரு துண்டாகக் குறுகலான படியில் ஏற்றினார்கள். பிரச்சினை வீட்டுக்காரர். தரைத்தளத்தில் இருந்த சௌத்ரிக்கு மாடியில் ஒரு நாற்காலியை இழுத்தாலே போதும், கம்பை எடுத்துக்கொண்டு படியேறி வந்துவிடுவார். டிரம்ஸைப் பதிவு செய்வது எப்படி? ஜோதிலிங்கம்தான் வழி கண்டுபிடித்தான்.

“காலைல தண்ணி விடுதாம்லா, அந்நேரம் தெருவுல அத்தன வீட்டு மோட்டாரும் ஓடும். அந்தச் சத்தத்துல சௌத்ரிக்கு அவர் பொண்டாட்டி கத்துறதே கேக்காது. நம்ம டிரம்ஸா கேக்கப்போவுது?”

முனிர்கா மாதிரி இடத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. அதற்குள்தான் தவறும் ஒளிந்திருந்தது.

மறுநாள் காலை மோட்டார்கள் உறுமத் தொடங்கியதும் லேப்டாப்பில் பதிவைத் தொடங்கினார்கள். இருந்தது ஒரே ஹெட்போன். அது பாடுகிற ப்ரசன்னாவின் காதில். வேகத்தைக் காட்டும் ‘கிளிக்’ ஒலி அவனுக்கு மட்டும்தான் கேட்டது. அம்சவேணி அவன் கிட்டாரைக் கேட்டு வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவள் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரோடு சௌத்ரி வீட்டு மோட்டாரின் பைப், மொட்டைமாடியில் இருந்த அவர் தொட்டிக்கு ஏறியது. மோட்டார் ஓட ஓட அந்தப் பைப் சுவரில் டக், டக் என்று ஒரே சீராக இடித்தது. அவள் காதில் பலமாக விழுந்த தாளம் அதுதான். பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது சரணத்தின்போது அக்கம்பக்கத்து வீடுகளில் தொட்டி நிரம்பி மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவை நிற்க நிற்க வோல்டேஜ் கூடியது. சௌத்ரியின் மோட்டார் வேகம் பிடித்தது. பைப்பும் வேகமாக இடித்தது. அம்சவேணியும் கூடவே போனாள். ப்ரசன்னாவும் ஜோதிலிங்கமும் பின்னால் மூச்சுவாங்க ஓடினார்கள்.

பாட்டு முடிந்ததும் ப்ரசன்னா ஹெட்போனைக் கழற்றினான். “ஏன் வேணி ஓடின?”

“நான் எங்கிட்டு ஓடுனேன்? பைப்புதான் ஓடுச்சு.”

“எந்தப் பைப்பு?”

அவள் குச்சியால் சுவரைக் காட்டினாள். ஜோதிலிங்கம் கிட்டாரோடு தரையில் சரிந்து சிரித்தான். “தண்ணி இல்லைன்னு பாட்டு எழுதினா, தண்ணியே ஏறி வந்து வாசிச்சிட்டுப் போயிருக்கு. விடுடே.”

விடுகிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. மறுபடி பதிவு செய்யத்தான் நினைத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த நாள்களில் குழாயில் தண்ணீரே வரவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் டிரம்ஸ் இல்லை. ஒரு கல்லூரி விழாவில் மேடை கிடைத்திருந்தது. அதற்கு முன்னால் பாட்டு வெளியே வர வேண்டும். இருப்பதை அப்படியே இணையத்தில் ஏற்றினார்கள். கீழே குழுவின் பெயரை மட்டும் போட்டார்கள். ஆள்களின் பெயர் போட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, அம்சவேணிக்கும்தான்.

விழா நாளும் அவளுடைய அரசுத் தேர்வு நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. அப்பாவின் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓர் இரவு யோசித்தாள், தேர்வைத் தேர்ந்தெடுத்தாள். “நீங்க போங்கடா. அடுத்த தடவ நான் வர்றேன்” என்றாள். ஜனக்புரியிலிருந்து அர்விந்த் என்ற பையன் அன்றைக்கு மட்டும் என்று வந்து வாசித்தான். கூட்டத்தில் யாரோ அதைப் படம்பிடித்துப் போட, பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. ஒரு மேடை பத்து மேடையானது. படத்தில் இருந்தது அர்விந்த். அதனால் டிரம்ஸும் அர்விந்த் என்றானது.

இங்கே யாரும் அவளை ஏமாற்றவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேர்வில் தேறினாள், வேலை கிடைத்தது, அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் ‘அடுத்த தடவ’ என்று சொன்ன சொல் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டோவிலும் கேன்டீனிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டு கேட்கும்போதெல்லாம் விரல்கள் மேசையைத் தட்டும். தன் பாட்டை ஒரு முறையாவது மேடையில், ஆள்களுக்கு முன்னால், தன் கையால் வாசிக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பாட்டுக்குப் பத்து வயதான வருடம், அலுவலகத்தில் பக்கத்து இருக்கை சுபாஷிணி போனை நீட்டினாள். சுபாஷிணி தில்லியிலேயே பிறந்தவள். அலுவலகத்தில் அவளுக்கு மட்டும் இந்தக் கதை தெரியும்.

“அரே, இதைப் பாரு. உன் ஆளுங்க தில்லிக்கு வர்றாங்களாம். போட்டி வெச்சிருக்காங்க. ஜெயிக்கிறவங்க அந்தப் பாட்டுக்கு மட்டும் மேடையில டிரம்ஸ் வாசிக்கலாமாம். உனக்கு எதுக்கு போட்டி? ஜல்தி ப்ரசன்னாவுக்கு ஒரு ஃபோன் போடு, அவ்ளோதான்.”

“போட்டா கூப்பிடுவான். பாவம் பழைய ஆளுன்னு ஒரு பாட்டுக்கு ஒக்காத்தி வெப்பான். அப்படி ஏற எனக்கு இஷ்டமில்ல சுபா. இன்னைக்கும் என் கைக்கு வருதான்னு மொதல்ல எனக்கே தெரியணும்.”

“வரலைன்னா?”

“வர வெக்கணும்.”

பெயர் கொடுத்தாள். வீட்டில் டிரம்ஸ் ஏது? குளிருக்கு வைத்திருந்த ரஜாய் மெத்தைப் போர்வையை மடித்து ஒரு பக்கம், பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து ஒரு பக்கம். அலுவலகம் விட்டு வந்ததும் தொடங்குவாள்.

“ஏத்தா, வீட்டுல கொத்தனார் வேல நடக்குதான்னு கீழ் வீட்டுக்காரவுக கேக்குறாக” என்றார் அழகர்சாமி.

“ஆமா, கட்டிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்கப்பா.”

அந்தக் கீழ் வீட்டுக்காரர்கள் நாங்கள்தான்.

போட்டி ஜனக்புரியில் ஒரு மண்டபத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. முதல் ஞாயிறு தேறாதவர்கள் அடுத்த ஞாயிறும் வரலாம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். அலுவலகத்துக்குப் போகிற சல்வாரோடு கைப்பையில் குச்சிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்சவேணியை, யாருக்கோ துணைக்கு வந்தவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நடுவராக இருந்தவள் மேதா என்ற இளம் டிரம்ஸ் கலைஞர். கண்டிப்பானவள், ஆனால் யாரையும் கேலி செய்யாதவள். டிரம்ஸ் நீக்கிய பாட்டைப் போடுவார்கள். போட்டியாளர் அதோடு வாசிக்க வேண்டும்.

முதல் சரணம் நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. அதற்குப் பிறகு அவள் கை, அதற்குத் தெரிந்த வழியில் ஓடியது. பாட்டு ஓடவில்லை. மேடைக் கச்சேரிகளுக்காகக் குழு ஒரே வேகத்தில் மறுபடி பதிவு செய்த வடிவத்தைத்தான் அங்கே போட்டிருந்தார்கள். அவள் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று பிரிந்து, மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மேதா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“தீதி, நீங்க ஓடுறீங்க” என்று அக்கா முறை வைத்து இந்தியில் சொன்னாள்.

“முதல்ல வந்த பாட்டுல ஓடுமே.”

“அது கம்ப்யூட்டர்ல பண்ணின வேலை தீதி. அப்படி யாரும் கையால வாசிக்க மாட்டாங்க.”

அம்சவேணி குச்சிகளைப் பைக்குள் வைத்தாள். தாங்க்யூ என்றாள். வெளியே வந்தாள்.

மெட்ரோவில் சுபாஷிணி கொதித்தாள். “வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“என்னன்னு? அது நான்தாம்மான்னா? தோத்தவ சொல்ற சாக்குன்னு நெனப்பாங்க.”

“அப்ப விட்டுடுவியா?”

“நேராப் போன்னுதான சொல்றாங்க. போயிட்டாப் போச்சு.”

சொல்வது சுலபம். தன் பாட்டைத் தானே மறந்தால்தான் மேடை கிடைக்கும் என்ற நிலைமை. மறுநாள் மாலையிலிருந்து முனிர்காவில், இசைக்குழுக்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பழகும் ஒரு ஜாம் ரூமில் இடம் பிடித்தாள். ஹெட்போனில் கிளிக் சத்தம் மட்டும். இரண்டாவது சரணம் முடிந்ததும் கை ஓடும். நிறுத்துவாள், முதலிலிருந்து தொடங்குவாள். மறுபடி ஓடும், மறுபடி தொடங்குவாள். அடுத்த மணி நேரத்துக்கு அறையைப் பிடித்திருந்த பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்று, “ஆன்ட்டிக்கு அந்த ஒரே பாட்டுதான் தெரியும்போல” என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள். ஆர்.கே.புரத்திலிருந்து முனிர்கா வரை அந்த வேகத்துக்கே அடி வைத்து நடந்தாள். ரெட் லைட்டில் நின்றபோதும் கால் ஒரே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது. விரலில் கொப்புளம் உடைந்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அலுவலகம் போனாள்.

“மேடம், ஃபைல் தூக்கியா இப்படி ஆச்சு?” என்று பிரிவு அதிகாரி கேட்டார்.

“இல்ல சார், வீட்டு வேலை.”

அடுத்த ஞாயிறு அவள் வாசித்ததில் ஒரு முடி அளவு பிசகு இல்லை. இரும்புத் தண்டவாளம் மாதிரி நேராகப் போனாள். சிரித்த மண்டபம் கடைசியில் எழுந்து நின்றது. “ஒரே வாரத்துல என்ன சாப்பிட்டீங்க தீதி?” என்று கேட்டுக்கொண்டே மேதா அவள் பெயரை அறிவித்தாள்.

கச்சேரி நாளன்று மதியம் ஒத்திகைக்குப் போனாள். மேடையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ப்ரசன்னா திரும்பிப் பார்த்தான். தாடியில் லேசாக நரை.

“வேணி... போட்டில ஜெயிச்ச அம்சவேணி நீதானா? பேரைப் பார்த்தப்பவே... ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“பண்ணியிருந்தா நீ கூப்பிட்டிருப்பேல்ல? அதான் பண்ணல.”

ஜோதிலிங்கம் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான். “எந்த ஊருக்காரியாவது தன் வீட்டுக்குள்ள போறதுக்குப் பரீட்சை எழுதுவாளாடே?”

“எனக்குப் பரீட்சைதான் ராசி. ஒனக்குத்தான் ஐ.ஏ.எஸ். ஊத்திக்கிச்சு.”

அர்விந்த் தயங்கித் தயங்கி வந்து கும்பிட்டான். “பத்து வருஷமா உங்களாலதான் திட்டு வாங்குறேன் தீதி. அந்த இடத்துல ஓடுன்னு சொல்வாங்க. ஓடினா விழுந்துடுவேன். கடைசியில பாட்டையே நேராக்கிட்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்சவேணி டிரம்ஸில் உட்கார்ந்தாள். மேடை நிர்வாகி ஜ்யோத்ஸ்னா கிளிக் ஒலிக்கும் ஹெட்போனை நீட்டினாள்.

“இது வேண்டாம்” என்றாள் அம்சவேணி. “இன்னைக்குப் பாட்டு பழையபடி ஓடணும்.”

ஜ்யோத்ஸ்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளக்குகள், பின்னால் இருக்கிற பெரிய திரை எல்லாம் அந்தக் கிளிக்கோடு பூட்டப்பட்டிருந்தன. பாட்டு ஓடினால் அவை பின்தங்கும். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் எல்லாம் தாறுமாறாகும். அவள் ப்ரசன்னாவைப் பார்த்தாள். ப்ரசன்னா தரையைப் பார்த்தான். “இன்னிக்கு மட்டும் நேரா வாசிச்சிடேன் வேணி. நீதான் நேராவும் வாசிக்கிறியே” என்றான் மெதுவாக.

அவள் நினைத்திருந்தால் சரி என்று சொல்லியிருக்கலாம். மேடை கைக்கு வந்துவிட்டது. மாட்டேன் என்றால் அதுவும் போய்விடலாம். அவள் ஹெட்போனை டிரம்ஸ் மேல் வைத்தாள்.

“நேரா வாசிக்கணும்னா அர்விந்தே வாசிக்கட்டும். நல்லாத்தான் வாசிக்கிறான். நான் கீழ நின்னு கை தட்டிட்டு வீட்டுக்குப் போறேன். உள்ள வர்றதுக்காக நேரா வாசிச்சேன் ப்ரசன்னா. வந்தப்புறமும் அதையே வாசிக்கிறதுக்கு நான் எதுக்கு?”

முதலில் அசைந்தது ஜோதிலிங்கம். தன் காதில் கிளிக் ஒலித்த இயர்போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான். “லைட்டு எங்கிட்டுப் போனாலும் போவட்டும். நான் இவ பின்னால போறேன்.” ப்ரசன்னாவும் கழற்றினான். ஜ்யோத்ஸ்னா பெருமூச்சு விட்டாள். “அப்போ விளக்கை நான் கையாலதான் ஓட்டணும். பகவானே.”

பனி இறங்கிய மாலை. மைதானம் முழுக்கக் கம்பளித் தொப்பிகளும் போன் வெளிச்சமும். ‘தில்லியின் வெற்றியாளர்’ என்று அறிவித்து அவளை உட்கார வைத்தார்கள். பாட்டு தொடங்கியது. முதல் சரணம், இரண்டாவது சரணம். அதுவும் முடிந்தது. கை ஓடவில்லை. ஒரு வாரம் அடித்துப் பழக்கிய கை, நேராகவே போய்க்கொண்டிருந்தது. காதில் கிளிக் இல்லை, ஆனால் உடம்புக்குள் கிளிக் உட்கார்ந்திருந்தது. ப்ரசன்னா பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

அவள் பல்லைக் கடித்தாள். பெரிய டிரம்மின் பெடலை வலது காலால் ஓர் இழை முன்னதாக மிதித்தாள். அடுத்த அடியை இன்னும் ஓர் இழை முன்னால். ஜோதிலிங்கம் பிடித்துக்கொண்டான். ப்ரசன்னா பிடித்துக்கொண்டான். முனிர்காவில் ஓடியது மோட்டார். இங்கே ஓடியது அவள். ஒவ்வொரு அடியையும் தெரிந்தே தள்ளினாள். மேலே ஜ்யோத்ஸ்னாவின் விளக்குகள் தடுமாறி, பின்தங்கி, எப்படியோ தாவி வந்து சேர்ந்துகொண்டன. முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பிளந்து பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள். பிறகு மைதானமே குதித்தது.

பாட்டு முடிந்ததும் ப்ரசன்னா மைக்கில் சொன்னான்: “பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பாட்டுக்கு வாசிச்சது இவங்கதான். அம்சவேணி.” கூட்டம் சிரித்துக் கை தட்டியது. ஜெயித்த ரசிகைக்கு மரியாதையாகச் சொன்ன வேடிக்கை என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் இருந்த அழகர்சாமி பக்கத்திலிருந்த பையனிடம், அது என் மகள், பாட்டில் இருப்பதும் அவள் வாசித்ததுதான் என்று இந்தியில் சொன்னார். “அச்சா அங்கிள்” என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு அவன் போனில் படம் எடுக்கத் திரும்பிவிட்டான். அன்றைய வீடியோக்களில் எல்லாம் அவள் பெயர் ‘போட்டி வின்னர்’ என்றுதான் இருக்கிறது.

திங்கட்கிழமை அம்சவேணி வழக்கம்போல அலுவலகம் போனாள். வாசித்தது அவள்தான் என்று யாரும் நம்பாததில் அவளுக்கு வருத்தம் இல்லையா என்று பின்னொரு நாள் கேட்டபோது, “வாசிக்கணும்னு நெனச்சேன், வாசிச்சாச்சு” என்றாள். அவளுக்கு அது போதும். அவள் வாசித்ததைப் பழகி வளர்ந்த எங்களுக்கு அது போதாது.

அதனால் இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்காவது அந்தப் பாட்டு ஒலித்தால், பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தமிழில் முடியாவிட்டால் இந்தியில் சொல்லுங்கள். அம்சவேணி என்ற பெயரை விட்டுவிடாமல் சொல்லுங்கள். கேட்டவர் அச்சா என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டால், இன்னொருவரிடம் சொல்லுங்கள்.